சுவரைத் தொடாத மேசை

காலிதீன் தன் இளைய மகளுக்கு வீட்டைக் கொடுத்த நாளிலிருந்து அதன் எந்தச் சுவரிலும் ஓர் ஆணி அடித்ததில்லை. சட்டையை ஜன்னல் கம்பியில் கொழுவினார். நாட்காட்டி அலுமாரியின் மேல் சாய்ந்து நின்றது. தொப்பிக்குக் கதவின் கைப்பிடி.

சாய்ந்தமருதில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் நடக்கும். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வீட்டைக் கட்டிய பெற்றோர் பின்னறைக்குப் போவார்கள். போகச் சொல்லி யாரும் கேட்பதில்லை, போய்விடுவார்கள். அதுவரை முன்வாசலால் நடந்தவர் பின்வாசலால் நடக்கத் தொடங்குவார். மருமகன் விறாந்தையில் இருந்தால் ஒரு முறை இருமிவிட்டுத்தான் அந்தப் பக்கம் வருவார். காலிதீன் மாப்பிள்ளையாக வந்த காலத்தில் மனைவி ஸுலைஹாவின் வாப்பா இப்படித்தான் இருமினார். அந்த வீடு பிறகு மூத்த மகளுக்குப் போனது. இளையவள் நதீராவுக்கு அதே வளவின் பின்பாதியில் புதிதாகக் கட்டினார். அந்தப் பின்பாதியில்தான் அவருடைய பட்டறை இருந்தது.

பட்டறை என்றால் வியாபாரம் இல்லை. அவர் கல்முனை டிப்போவில், பஸ்களின் உடம்பைத் திருத்தும் பகுதியில் வேலை செய்தவர். உக்கிய தரைப்பலகையைக் கழற்றுவதும் புதியதைப் பூட்டுவதும் வேலை. வீட்டுக்கு வந்ததும் தனக்காக மரம் சீவுவார். தொட்டில், குர்ஆனை வைத்து ஓதும் ரேஹால், கோழிக்கூடு, யாரோ ஒருவரின் ஜன்னலுக்கு ஒரு கதவு. பஸ் பலகையில் டீசலும் ஆயிரம் பேரின் செருப்பு மண்ணும் ஊறியிருக்கும். எவ்வளவு சீவினாலும் உள்ளே கறுப்புத்தான். வீட்டில் சீவும்போது மரத்துக்கு மரத்தின் மணம் வரும். அதற்காகத்தான் சீவுகிறேன் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஸுலைஹா அதை நம்பவில்லை. குசினிக்குள் வராமல் இருப்பதற்காகத்தான் என்றாள்.

நாலு கம்பமும், கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருசத்தில் கிடைத்த தகரமும்தான் பட்டறை. தரை வெறும் மணல். விழுந்த ஆணியைத் தேட ஒரு காந்தம் கயிற்றில் தொங்கியது. சுவர் இல்லாததால் கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மரத்தூளை அள்ளிக்கொண்டு மறுபக்கம் போகும், யாரும் கூட்டவேண்டியதில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வருவார்கள். ஒருவருக்குக் கதிரையின் கால் ஆடும், இன்னொருவருக்கு ஒன்றுமே ஆடாது, சும்மா வந்திருப்பார். அறுத்த கட்டைகளில் ஏறி உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு கடல் சங்கதி, வயல் சங்கதி, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய சங்கதி. மெசின் ஓடும்போது கதை நின்றுவிடும். நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நதீரா அங்கே மரச்சுருள்களுக்குள் உட்கார்ந்து வளர்ந்தவள். பாடசாலைக்குப் போனபோதும் அவள் தலைமுடியில் ஒரு சுருள் இருக்கும்.

அந்த இடத்தில் இப்போது நதீராவின் முன்னறையும் கட்டிலும் இருந்தன.

கம்பங்களைப் பிடுங்கியவரும் காலிதீன்தான். அத்திவாரம் வெட்டியபோது மணலுக்குள்ளிருந்து துருப்பிடித்த ஆணிகள் வந்துகொண்டே இருந்தன. மேசன் அவற்றை ஒரு தகரப் பேணியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

வீடு முடிந்தபோது அவருக்கென்று மிஞ்சியது ஓர் இடுக்கு. ஒரு பக்கம் குசினிச் சுவர், மறுபக்கம் மதில். மேலே இரண்டு தகரம். ஆள் ஒருவர் கையை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டும். ஸுலைஹா கிணற்றடிக்கும் உடுப்புக் காயப்போடும் கொடிக்கும் அந்த வழியால்தான் போகவேண்டும்.

அவரிடம் இரண்டு மெசின்கள். ஒன்று பலகை சீவுவது, இன்னொன்று மேசையில் வைத்துப் பலகை அறுக்கும் வட்ட வாள். வாள் மெசினை இடுக்கில் வைத்தார். சீவு மெசினுக்கு இடமில்லை. அது வீட்டின் முன்பக்கம், போர்ட்டிகோவில், தறப்பாள் போர்த்திக்கொண்டு இருந்தது. மருமகன் பர்ஸானின் மோட்டார் சைக்கிள் நிற்கவேண்டிய இடம் அது. மாரி தொடங்கிவிட்டிருந்தது. கல்முனையில் மருந்துக்கடையில் வேலை செய்யும் பர்ஸான், ஒவ்வொரு மாலையும் சைக்கிளை மழையில் விட்டு இருக்கையின் மேல் ஒரு பொலித்தீன் பையைக் கட்டிவிட்டு உள்ளே போனான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் ஏதாவது சொல்லியிருந்தால் காலிதீன் பொறுத்துக்கொண்டிருப்பார்.

“இஞ்சேருங்க, ரெண்டுல ஒண்டு போகட்டும்,” என்றாள் ஸுலைஹா. “அந்தப் புள்ள ஒவ்வொரு நாளும் நனைஞ்ச சீட்டுல குந்திப் போகுது. பாக்க ஏலாம இரிக்கி.”

ஆலையடிவேம்பில் தளபாடக் கடை வைத்திருக்கும் ஒருவர் சீவு மெசினை முன்பே கேட்டிருந்தார். காலிதீன் அவருக்கு போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் லொறி கொண்டுவருகிறேன் என்றார் அவர். அன்றிரவு காலிதீன் சரியாகச் சாப்பிடவில்லை. வாள் மட்டும் இருந்தால் பலகையை அறுக்கலாம், சீவ முடியாது. சீவாத பலகையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் செபரட்ணம் வந்தார். டிப்போவில் லேத் வேலை பார்த்தவர், கல்முனையில் மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் குடியிருப்பவர். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு இடுக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன மச்சான் இது, கபுறுக் குழி மாதிரி அளந்து கட்டியிருக்கிறாய்.”

“வாயக் கழுவு.”

“சரி சரி. மெசினக் குடுக்கிறியாம் எண்டு கேள்விப்பட்டன்.”

“வேற என்ன செய்யிற? ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கவா?”

செபரட்ணம் கையை விரித்து இடுக்கை அளந்தார். “டிப்போவில நாங்க என்ஜினக் கவிழ்ப்பமே, அந்த ஸ்டாண்ட் ஞாபகமா? தண்டுல மாட்டி, கையால ஒரு தள்ளு. மேல் கீழாகும், கீழ் மேலாகும்.”

காலிதீன் அவரைப் பார்த்தார்.

“ஒரு பலகை. அதிட மேல்பக்கம் ஒரு மெசின், கீழ்ப்பக்கம் மத்த மெசின். நடுவால தண்டு. ஒண்டு வேலை செய்யக்குள்ள மத்தது தலைகீழா நித்திரை கொள்ளட்டும்.”

“வௌவால் மாதிரி.”

“ஓம். வௌவாலுக்கு வாடகை இல்லத்தானே.”

அந்தக் கிழமை முழுவதும் காலிதீன் பழைய மனிதராக இருந்தார். பட்டறையின் கதவென்று ஒருகாலத்தில் சாத்தி வைத்திருந்த முதிரைப் பலகை மூத்த மகளின் வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்தது, அதை மேசைக்கென்று இறக்கினார். இரண்டு பக்கத்துக்கும் ஒட்டுப்பலகை. மேற்பலகையை இரண்டு தட்டாகச் செய்து, நடுவில் தண்டு போகக் கால்வாய் விட்டு ஒட்டினார். செபரட்ணம் தனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் தண்டைக் கடைந்து கொண்டுவந்தார். மேற்பலகை தானாகப் புரளாதபடி முன்னும் பின்னும் கொளுக்கி ஆணிகள். உயரத்தை அவர் அடிமட்டத்தால் அளக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பழைய பட்டறையில் நின்றதுபோல நின்று, கையைத் தாழ்த்தினார். கை நின்ற இடத்தில் செபரட்ணம் பென்சிலால் கீறினார்.

“கண்ணத் திற. உன்ட கை இன்னும் அங்கதான் நிக்கிது,” என்றார் செபரட்ணம்.

வேலை செய்யும்போது கை பழைய இடங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சுத்தியலுக்கு வலப்பக்கம் நீளும், மதிலில் முட்டும். உளிக்குப் பின்னால் திரும்பும், குசினிச் சுவர். புறங்கையில் தோல் உரிந்தது. ஸுலைஹா மஞ்சள் தடவிவிட்டாள்.

புதன்கிழமை மேசை நின்றது. இரண்டு பேருமாகப் போர்ட்டிகோவிலிருந்து சீவு மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாள் ஒரு பக்கம், சீவு மெசின் மறுபக்கம். போல்ட்டுகளை இறுக்கியாயிற்று. சீவு மெசின் பாரம் கூட என்பதால் வாளின் பக்கத்தில் பஸ் ஸ்பிரிங் தகடு ஒன்றையும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கீழே தொங்கிய மெசினின் தலை அடித்தட்டில் முட்டாமல் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. காலிதீன் பிஸ்மி சொல்லிக் கொளுக்கிகளைக் கழற்றிப் பலகையைத் தள்ளினார்.

பலகை அழகாகக் கிறுகித் தலைகீழானது. மேசை முழுவதும் அதன் கூடவே கிறுகப் பார்த்தது. பின்கால்கள் இரண்டும் தரையை விட்டெழும்பின. செபரட்ணம் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் மெசின் குசினிச் சுவரில் போயிருக்கும்.

“சுவத்துல பூட்டு,” என்றார் செபரட்ணம், மூச்சு வாங்கிக்கொண்டு. “நாலு போல்ட். வேற ஒண்டும் தேவையில்ல.”

“ஏலாது.”

“ஏன்?”

“அது மருமகன்ட சுவர்.”

“நீ கட்டின சுவரடா.”

“கட்டினது நான்தான். குடுத்திட்டன்.”

“அப்ப தரையில பூட்டு.”

“தரை மட்டும் என்ட உம்மாட சீதனமா?”

செபரட்ணம் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களோடு நாற்பது வருசம் பழகியவர். மேசையின் கால்களுக்கு முன்னும் பின்னும் நீளமாகக் கட்டை வைத்துப் பூட்டினார்கள். ஆட்டம் நின்றது. அரைமணி நேரம் கழித்து ஸுலைஹா ஈர உடுப்பு வாளியோடு வந்து அந்தக் கட்டையில் தடுக்கினாள். விழவில்லை; ஆனால் உடுப்பு முழுவதும் மரத்தூளில் விழுந்தது.

“ஒங்கட வௌவாலுக்கு இவ்வளவு நீட்டுக் கால் எதுக்கு?” என்றாள். “நான் கிணத்தடிக்குப் பறந்தா போற?”

கட்டைகளைக் கழற்றினார்கள். அடித்தட்டில் கடல்மணல் மூட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். இப்போது மேசை கவிழவில்லை, நடந்தது. தண்ணீர் வழிந்தோடத் தரையைச் சாய்வாகப் போட்டிருந்தவர் காலிதீன்தான். மெசின் ஓடத் தொடங்கியதும் மேசை அந்தச் சாய்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றடிப் பக்கம் நகர்ந்தது. ஓடும் மெசினின் கீழ் மேசை நகர்வதென்றால் விரல் போகிற விசயம். காலிதீன் சுவிட்சை நிறுத்தினார். செபரட்ணம் சைக்கிளை எடுத்தார்.

“நாளைக்கு வியாழன்,” என்றார், போகும்போது. “பெரிய கதையில்ல. மருமகனிட்ட கேளு. வாய் என்ன, தேஞ்சா போகும்?”

காலிதீன் அன்றும் மறுநாள் பகலும் மேசைக்குப் பக்கத்தில் போகவில்லை. பின்னறைக் கட்டிலில் இருந்தபடி ஜன்னலால் பார்த்தால் மேசை தெரியும். தொங்கிக்கொண்டிருக்கும் மெசினும் தெரியும். கேட்பது பெரிய விசயமில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஸுலைஹாவின் வாப்பா இதே வளவில் பன்னிரண்டு வருசம் இருந்து மௌத்தானார். ஒரு நாளும் காலிதீனிடம் எதுவும் கேட்டதில்லை. முன்வீட்டுக் கூரை அவருடைய பக்கம் ஒழுகியபோது சட்டியை வைத்துக்கொண்டு படுத்தார். அவர் இறந்த பிறகுதான் அந்தச் சட்டியை காலிதீன் கண்டார். அப்போது அதை மரியாதை என்று நினைத்தார். வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டார். பின்வழியால் போகாமல் வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. பர்ஸான் அப்போதுதான் வந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீவு மெசின் போய்விட்டதால் போர்ட்டிகோ காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் சைக்கிளை அவன் வெளியில்தான் விட்டிருந்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வஅலைக்கு முஸ்ஸலாம். மாமா, என்ன வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க.” பர்ஸான் துணியைக் கீழே போட்டுவிட்டான். மாமா முன்வாசலுக்கு வந்து அவன் பார்த்ததில்லை. “மாமிக்கு ஏதும் சொகமில்லயா?”

“சொகமா இரிக்கா. மகன், ஒரு விசயம்.” காலிதீன் தொண்டையைச் செருமினார். “குசினிச் சுவர்... வெளிப்பக்கம். அதில நாலு ஓட்ட போடலாமா? சின்ன ஓட்டதான். போல்ட் போற அளவு. பிறகு வேணாமெண்டா நானே பூசித் தாறன்.”

பர்ஸான் குனிந்து துணியை எடுத்தான். காலிதீன் அவசரமாகத் தொடர்ந்தார். “சரிவராட்டிச் சொல்லுங்க. சோலி இல்ல. மெசினக் குடுக்க ஆள் இரிக்கி.”

“அதில்ல மாமா.” பர்ஸான் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “எனக்கிட்ட ஏன் கேக்கிறீங்க? ஊட்டு உறுதி நதீராட பேர்லதானே. நானே இந்த ஊட்டுல ஒரு ஆணி அடிக்கல்ல. எங்கட உம்மா தந்த நிலைக்கண்ணாடி இன்னும் கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு. கேக்கிறதுக்கு ஒரு மாதிரி இரிந்திச்சி.”

“ஆருக்கிட்ட கேக்க?”

“நீங்க கட்டின ஊடு மாமா. ஒங்கக்கிட்டதான் கேக்கணும் எண்டு நினைச்சன். சைக்கிளும் அப்பிடித்தான். உள்ள ஏத்தினா தரையில எண்ண பட்டுரும்.”

மழையில் நிற்கிறோம் என்பது இருவருக்கும் நினைவில்லை. குசினியிலிருந்து நதீராவின் குரல் வந்தது.

“அங்க ரெண்டு பேரும் என்ன குசுகுசுக்கிறீங்க? நனையாம வந்து கதைங்கோ.”

உள்ளே போனார்கள். முன்னறையில், தன் பழைய பட்டறையின் நடு இடத்தில், காலிதீன் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். விசயத்தைப் பர்ஸான்தான் சொன்னான். நதீரா அகப்பையோடு நின்று கேட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

“கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் போன்ல முகம் பாத்துத்தான் தல இழுக்கிறன். கட்டிலுக்குக் கீழ கண்ணாடி வெச்சிரிக்கிற ஒரே ஊடு இதுதான். ஏன் மாட்டல்ல எண்டு கேட்டா, இவரு நாளைக்கு நாளைக்கு எண்டுறாரு. வாப்பாட சட்ட ஜன்னல்ல ஊசாடுது. நான் நினைச்சன், வாப்பாவுக்கு இந்த ஊடு புடிக்கல்லயாக்கும், போறதுக்கு உடுப்புக் கட்டி வெச்சமாதிரி இரிக்காரு எண்டு.”

“அப்பிடியில்ல மகள்.”

“மறுகா என்ன? ஆம்புளையள் ரெண்டு பேர் இருந்தும் ஒரு ஆணிக்கு வழியில்ல.” அவள் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் அரிந்த கை; இன்னும் எரிந்தது. “நாலு ஓட்ட இல்ல, நாப்பது ஓட்ட போடுங்க. ஆனா மொதல்ல அந்தக் கண்ணாடி. இண்டைக்கே.”

காலிதீன் பின்னறைக்குப் போய்த் துளைப்பானை எடுத்துவந்தார். பர்ஸான் கண்ணாடியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தான். எந்த உயரம் என்று கேட்டார் காலிதீன். நதீரா சுவருக்கு எதிரே நிமிர்ந்து நின்றாள். அவளுடைய நெற்றிக்கு நேரே அவர் பென்சிலால் கீறினார். சுவருக்குள் வயர் எந்த வழியால் போகிறது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் துளைப்பானை வைத்துவிட்டு ஒரு கணம் நின்றார். பூச்சு உதிர்ந்து தரையில் விழுந்தபோது மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செபரட்ணமும் காலிதீனும் மேசையைச் சுவரில் பூட்டினார்கள். காலிதீன் கொளுக்கிகளைக் கழற்றித் தள்ளினார். வாள் கீழே போனது, சீவு மெசின் மேலே வந்தது. கால்கள் அசையவில்லை. மறுபடியும் புரட்டினார். ஒரு தடவை போதும். ஆனால் ஸுலைஹா வாளியோடு வந்து வழிவிடச் சொல்லும்வரை அவர் புரட்டிக்கொண்டே இருந்தார். அவள் மேசையை ஒட்டிப் பக்கவாட்டில் நழுவிப் போனாள். “சரி, இது ஒழுங்கான வௌவால்,” என்றாள்.

ஆலையடிவேம்புக்காரருக்கு போன் எடுத்து, மன்னித்துக்கொள்ளுங்கள், மெசின் கொடுப்பதாக இல்லை என்றார். அவர் கொஞ்சம் ஏசினார். காலிதீன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார்.

ஜும்ஆவுக்குப் பிறகு முதல் பலகையை எடுத்தார். அப்போதுதான் தெரிந்தது. இடுக்கில் மேசையும் அவரும் நின்றால் வேறு ஒருவருக்கு நிற்க இடமில்லை. கட்டைகள் இல்லை, பிளேன்டீ வைக்க ஒரு மூலை இல்லை. அசருக்குப் பிறகு வந்தவர்கள் இனி எங்கே உட்காருவார்கள்? செபரட்ணம் இடுக்கின் வாயில், வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வருவதற்கு ஒரு தரம் தோளைச் சரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

“நீ தொடங்கு,” என்றார். “நான் வாறன் அப்ப.”

“இரி.”

“எங்க இரிக்கிற? உன்ட தலையிலயா?”

காலிதீன் மெசினைப் போட்டார். பலகை நீளமானது. மெசின் அதை இழுத்து மறுபக்கம் துப்பிக்கொண்டே போனது. பாதிக்கு மேல் போனதும் பலகையின் முன்நுனி இடுக்கை விட்டு வெளியே நீண்டு, பாரம் தாங்காமல் தாழத் தொடங்கியது. தாழ்ந்தால் கடைசிச் சாணில் கத்தி பள்ளம் விழுத்திவிடும். காலிதீனால் பலகையின் பின்நுனியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போக முடியாது.

“புடி! செபம், புடி!”

செபரட்ணம் சைக்கிளை அப்படியே விழவிட்டுப் பலகையை ஏந்தினார். கடைசிவரை மட்டமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். மெசின் நின்றது. பலகையில் பள்ளமில்லை. அவர் மடியிலும் சேட்டிலும் மரச்சுருள்கள்.

“மறு பக்கமும் சீவணும்,” என்றார் காலிதீன் உள்ளிருந்து. “ஆள் இல்லாம ஏலாது.”

செபரட்ணம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு போர்ட்டிகோப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார்.

“மகள் நதீரா, வெளிய போட ஒரு கதிர தாங்கோ. இஞ்ச எனக்கு வேலை தந்திரிக்கு.”